கூலியும் குறைவு, நிர்வாகமும் சரியில்லை: எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ஆட்கள் நிற்பதில்லை, முதலாளியிடம் என்ன சொல்வது?

கேள்வி கேட்டவர்: இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர், கோத்தகிரி வட்டம்

அனைவருக்கும் வணக்கம். சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலையை வாங்கித் தூளாக்கும் தனியார் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். சல்லடைப் பிரிவில் தொடங்கி, இப்போது இரவு ஷிப்டுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் தொழிற்சாலை ஒழுங்காக ஓட 34 ஆட்கள் வேண்டும். போன வாரம் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக எண்ணிப் பார்த்தேன். 14 மாதங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 57 பேர், விலகிப் போனவர்கள் 61 பேர். சேர்ந்த 57 பேரில் மூன்று மாதத்தை முழுதாக முடித்தவர்கள் 19 பேர்தான். பல பெயர்களைப் படித்தபோது எனக்கு முகமே நினைவுக்கு வரவில்லை. என் ஷிப்டில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களின் முகம் நினைவில் இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

எட்டு மணி நேரத்துக்குக் கூலி 460 ரூபாய். வரத்து மிகுந்த மாதங்களில் பன்னிரண்டு மணி நேரம் நின்றால், கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு 230 ரூபாய் தருகிறார்கள். கோத்தகிரியில் கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கு இதைவிட அதிகம் கிடைக்கிறது, மாலையில் வீட்டுக்கும் போய்விடலாம். முன்பெல்லாம் 10-ஆம் தேதிக்குள் சம்பளம் வந்துவிடும். இப்போது 18, 20 என்று தள்ளிப்போகிறது. முதலாளி கோயம்புத்தூரில் இருக்கிறார். தொழிற்சாலையை நடத்துபவர் அவருடைய உறவினரான மேலாளர். இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் செய்து "நாளைக்குப் பகல் ஷிப்டுக்கு வா" என்பார், மறுநாள் அதையும் மாற்றுவார். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, சொல்லாமல் போனவர்களுக்கு நான்கு நாள் கூலியைப் பிடித்தார். எங்கள் ஊரில் அந்தப் பண்டிகைக்குப் போகாமல் ஒருவர் தொழிற்சாலையில் நிற்பார் என்று அவர் எப்படி எதிர்பார்த்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது எங்கள் பயர்மேன் விலகியதுதான். 17 ஆண்டுகளாக தூளை உலர்த்தும் ட்ரையருக்கு அனல் தரும் அடுப்பைக் கவனித்துக்கொண்டவர் அவர். ஐப்பசி மழையில் நனைந்த விறகை இறக்கிய ஓர் இரவில் அனல் இறங்கிவிட்டது, கொஞ்சம் தூள் ஈரத்தோடு வெளியே வந்துவிட்டது. விறகு நனைந்திருக்கிறது என்று அவர் மாலையிலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் காலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில், எல்லோரும் கூடியிருந்த இடத்தில், 300 ரூபாய் அபராதம் என்று மேலாளர் அறிவித்தார். அவர் எதுவும் பேசவில்லை. தன் கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய இடத்துக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வந்த பையன் அதற்கு முன்பு தேயிலைத் தொழிற்சாலையையே பார்த்ததில்லை. அடுத்த எட்டு வாரங்கள் எங்கள் தூள் கருகல் வாடை அடிக்கிறது என்று குன்னூர் ஏலப் புரோக்கரிடமிருந்து குறிப்பு வந்துகொண்டே இருந்தது. அந்த வாரங்களில் எங்கள் விலை கிலோவுக்கு 4 முதல் 6 ரூபாய் வரை குறைந்தது.

அடுத்த மாதம் முதலாளி கணக்குப் பார்க்க வருகிறார். பதினைந்து நிமிடம் பேச எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார். கூலியை உயர்த்துங்கள் என்று மட்டும் சொன்னால், "தேயிலை விலை ஏறட்டும், பார்க்கலாம்" என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வதையே இம்முறையும் சொல்வார். நான் என்ன சொன்னால், எதைக் காட்டினால் அவர் காதில் விழும்? இந்தத் தொழிலில் அனுபவமுள்ளவர்கள் வழி காட்டுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற டீ மேக்கர், குன்னூர்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு வெகு நேரம் விழித்திருந்தேன். தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் இந்த டீ மேக்கர் வேலையை 31 ஆண்டுகள் செய்தவன் நான், நான்கு தொழிற்சாலைகளைப் பார்த்தவன். அந்தப் பயர்மேனை நான் பார்த்ததில்லை என்றாலும் அவரைப் போன்றவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலாளிகள் பலர் தேயிலைத் தொழிற்சாலையை இயந்திரங்களின் வரிசை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது நேரத்தோடு நடக்கும் போட்டி. பறித்த கொழுந்து காத்திருக்காது. வாட்டும் தொட்டியில் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ காற்றோட்டத்தில் கிடக்கும் இலையை, எப்போது புரட்ட வேண்டும், பனி மூட்டமான நாளில் எவ்வளவு சுடுகாற்று விட வேண்டும் என்பதைக் கையால் அள்ளிப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கையில் பிடித்த இலை உருண்டையாக நிற்கிறதா, விரிந்துகொள்கிறதா என்று பார்க்கும் அந்தப் பழக்கம் ஒருவருக்குக் கைவர ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் கழிய வேண்டும். இலையை நசுக்கி அரைக்கும் ரோலரின் பல் மழுங்கியதை வெளியே வரும் இலையின் உருவத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவர் வேண்டும். நொதிக்கும் இலையின் மணம் பச்சை வாடையிலிருந்து மாறும் அந்தச் சில நிமிடங்களை மூக்கால் பிடிப்பவர் வேண்டும். கடைசியில் ட்ரையரிலிருந்து வரும் தூளில் ஈரம் ஏறக்குறைய 3 விழுக்காடு இருக்க வேண்டும். கூடினால் தூள் கெடும், அனல் மிஞ்சினால் கருகும். இத்தனை இடங்களிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புது ஆள் நின்றால், எவ்வளவு நல்ல கொழுந்து வந்தாலும் அது நல்ல தூளாக வெளியே போகாது.

ஆகவே கூலியைப் பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள், ஏலத்தில் உங்கள் தூள் என்ன விலைக்குப் போனது என்று காட்டும் ஏலச் சீட்டுகளிலிருந்து தொடங்குங்கள். வரத்து நல்ல நாளில் உங்களுக்கு 10,000 கிலோ பச்சை இலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலேகால் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்றால் ஏறக்குறைய 2,350 கிலோ தூள் கிடைக்கும். நீங்கள் சொன்ன குறைந்த அளவான 4 ரூபாயையே எடுத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு இழப்பு 9,400 ரூபாய். 34 பேருக்கும் நாள் கூலியில் 100 ரூபாய் கூட்டினால் ஆகும் செலவு 3,400 ரூபாய். 300 ரூபாயைப் பிடித்து எட்டு வாரத்தில் இழந்தது எவ்வளவு என்பதை முதலாளியே பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சற்று நேரம் பேசாமல் இருங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். அதே வாரங்களில் அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அதே தரத்துக்கு என்ன விலை கிடைத்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த வாரம் சந்தையே இறங்கியிருந்தது என்று மேலாளர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உங்கள் கணக்கு முழுவதும் அடிபட்டுப் போகும்.

பதில்: பந்தலூர்ப் பெண், இப்போது திருப்பூர்

அண்ணா, நான் விலகிப் போனவர்களில் ஒருத்தியாக எழுதுகிறேன். உங்கள் தொழிற்சாலையில் இல்லை, பந்தலூர்ப் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் சல்லடையிலும் பொதியிலும் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. எங்கள் அப்பா அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தேயிலையைத் தவிர வேறு வேலை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படி இருந்தும் நானும் என் தங்கையும் மலையிறங்கிப் பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டோம்.

ஏன் போனீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கூலி குறைவு என்றே சொன்னேன், ஏனென்றால் அது சொல்வதற்கு எளிதாக இருந்தது. உண்மையான காரணம் வாசல். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பதை அங்கே முதல் நாள் சொல்ல மாட்டார்கள். ஆடி மழையில் நான்கு கிலோமீட்டர் நடந்து வாசலுக்கு வந்த பிறகு, "இன்றைக்கு இலை வரத்து இல்லை, பத்துப் பேர் போதும்" என்று சொல்லி மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நனைந்த சேலையோடு திரும்பி நடக்கும்போது அன்றைய கூலி போனது மட்டும் மனத்தில் இருக்காது. ஒரு போன் செய்து சொல்வதற்குக்கூட நாம் தகுதியில்லாதவர்களா என்ற எண்ணமே வழி முழுவதும் வரும்.

இன்னொன்று மாலை நேரம். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் இருட்டிய பிறகு யானை நிற்கும் சாலையில் நடந்து போக முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆறு மணிக்கு விட வேண்டிய ஷிப்டை ஏழரை வரை நீட்டிவிட்டு, ஜீப்பு ஏற்பாடு செய்ய மாட்டார்கள். பெண்களாகச் சேர்ந்து ஆளுக்கு இருபது, முப்பது என்று போட்டு வாடகை ஜீப்பில் போவோம். அந்தப் பணத்தைக் கூலியில் கழித்துப் பார்த்தால் கூடுதல் நேர வேலையில் எங்களுக்கு மிஞ்சியது என்ன என்று யாரும் கேட்டதில்லை.

திருப்பூரிலும் வேலை கடினம்தான், அறை வாடகை கழுத்தை நெரிக்கிறது, தூசியில் தங்கைக்கு இருமல் நிற்பதில்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளம் என்றால் சனிக்கிழமை கையில் இருக்கும். வரும் வாரம் எந்த நேரம் வேலை என்பது முந்தின வாரமே தெரியும். நீங்கள் முதலாளியிடம் பேசும்போது, போனவர்களில் நான்கைந்து பேருக்குப் போன் செய்து கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே கொண்டுபோங்கள். பதிவேட்டில் 61 என்ற எண் இருக்கிறது, 61 பேர் ஏன் போனார்கள் என்று எழுதப்படவில்லை.

பதில்: தொழிற்சாலைக் கணக்கர், குன்னூர்

மேலே பெரியவர் எழுதிய கணக்கில் ஒரு திருத்தம் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் முதலாளியின் கணக்கர் இதைத்தான் முதலில் பிடிப்பார். நாள் கூலியில் 100 ரூபாய் கூட்டினால் செலவு 100 ரூபாயோடு நிற்காது. வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகத்தின் பங்கு 12 விழுக்காடு, நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து ஏறக்குறைய 13 விழுக்காடு. வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய பணிக்கொடைக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்ற கணக்கில் ஒதுக்க வேண்டியது 4.81 விழுக்காடு. ஆகவே ஆள் ஒன்றுக்கு 118 ரூபாய், 34 பேருக்கு ஏறக்குறைய 4,000 ரூபாய் என்று எழுதுங்கள். அப்படி எழுதினாலும் 9,400 ரூபாய்க்கு முன்னால் அது பாதிக்கும் குறைவுதான்.

ஆனால் பனிக்காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். தை மாதத்தில் உறைபனி விழுந்து கொழுந்து கருகி, நாள் வரத்து 3,000 கிலோவுக்கு இறங்கினால், தூள் 700 கிலோ, 4 ரூபாய் வீதம் இழப்பு 2,800 ரூபாய் மட்டுமே. அந்த மாதங்களை மறைத்துவிட்டு வரத்து மிகுந்த நாளை மட்டும் காட்டினால் உங்கள் நேர்மையின் மேல் சந்தேகம் வரும். பன்னிரண்டு மாதத்தையும் மாதவாரியாக எழுதி, ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் காட்டுங்கள். அப்படிக் காட்டினாலும் வாதம் உங்கள் பக்கமே நிற்கும் என்று நம்புகிறேன்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-இல் நிறைவேற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, இதிலும் இருக்கிறது. 20-ஆம் தேதி தருவது வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கூடுதல் நேர வேலைக்கு இரு மடங்கு கூலி. நீங்கள் எழுதியபடி எட்டு மணி நேரத்துக்கு 460 என்றால், கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு 230 அல்ல, 460 ரூபாய் வர வேண்டும். அபராதம் என்பது மேலாளரின் விருப்பம் அல்ல. தொழிலாளிக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் அபராதம் போடக் கூடாது, அந்த மாத ஊதியத்தில் 3 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, பிடித்த தொகை தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும். விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். உங்கள் பயர்மேனுக்கு அந்த மாதக் கூலி கொடுக்கப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்டு அறியுங்கள். 17 ஆண்டு வேலை செய்தவருக்குப் பணிக்கொடை சட்டப்படி உரியது, ஏனென்றால் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தாலே அந்த உரிமை வந்துவிடும். மாநில அரசின் குறைந்தபட்ச ஊதியத்தில் பஞ்சப்படி ஏப்ரலில் மாறும்; அது உங்கள் 460-இல் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆட்கள் ஐந்து ஆண்டு நிற்காவிட்டால் பணிக்கொடை மிச்சம் என்று சில முதலாளிகள் கருதுவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். மனிதனை அப்படிக் கணக்கிடுவது தவறு. அந்த மிச்சத்தைப் போல் பல மடங்கு, ஒவ்வொரு வாரமும் ஏல விலையில் போய்விடுகிறது என்பதையும் அவர்கள் பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் முதல் பேச்சிலேயே மிரட்டலாக வைக்க வேண்டாம் என்பது என் யோசனை. ஆனால் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பேச்சு பலிக்காவிட்டால் குன்னூரிலேயே தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

பதில்: சிறு தொழிற்சாலைப் பங்குதாரர், மஞ்சூர்

நான் மறுபக்கத்தில் இருப்பவன். எங்கள் குடும்பத்துக்குக் குந்தாப் பகுதியில் ஒரு சிறு தொழிற்சாலையில் பங்கும், நான்கு ஏக்கர் தேயிலையும் உண்டு. ஆகவே இலை விற்பவனாகவும் இலை வாங்குபவனாகவும் இரண்டு கவலையும் எனக்கு உண்டு. பச்சைத் தேயிலைக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று விவசாயிகள் 2023-இல் உண்ணாவிரதம் இருந்தபோது, தொழிற்சாலையிலும் பங்கு வைத்துக்கொண்டு நானும் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். ஏலத்தில் தூள் விலையை வாங்குபவர் நிர்ணயிக்கிறார், இலை விலையை வாரியம் நிர்ணயிக்கிறது, விறகும் மின்சாரமும் நம் கையில் இல்லை. முதலாளி கை வைக்க முடிவது கூலியில் மட்டும்தான் என்பதால் எல்லா நெருக்கடியும் அங்கே வந்து விழுகிறது. இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடப்பது இதுதான்.

1990-களின் இறுதியில் விலை சரிந்து மலையே திண்டாடியபோது, எங்கள் தொழிற்சாலையில் ஆட்கள் இவ்வளவு போகவில்லை. என் அப்பா காலத்தில் கூலி இன்றைக்கு இருப்பதைவிடத் தாராளமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. அவர் தினமும் காலை ஐந்தரை மணிக்குத் தொழிற்சாலையில் இருப்பார். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் பொறுப்புக்கு வந்த பிறகு ஒப்பந்தக்காரர் மூலம் ஜார்க்கண்டிலிருந்து ஆட்களை எடுத்தோம். ஆளுக்கு நாங்கள் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது 580 ரூபாய், அவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது 470 என்பதை ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் அறிந்தேன். 580 கொடுத்துவிட்டு 470 ரூபாய்க்கு உரிய மனத்தாங்கலை வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த ஏற்பாட்டை நிறுத்தி, நேரடியாக வங்கிக் கணக்கில் 540 போட்டோம். எங்களுக்கும் செலவு கூடவில்லை, அவர்களுக்கும் 70 ரூபாய் கூடியது.

நண்பரே, உங்கள் முதலாளியிடம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தொகையின் பட்டியலைக் கேளுங்கள். அதில் நீங்கள் கேட்கும் 100 ரூபாயில் பெரும்பகுதி இருக்கக் கூடும். அடுத்ததாக, பனிக்காலத்தில் மாதம் இருபது நாளாவது வேலை உறுதி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது, இலை இல்லாத நாட்களில் ரோலரைக் கழற்றிச் சுத்தம் செய்வது, தொட்டிகளின் கம்பி வலையை மாற்றுவது, கூரை ஒழுகலை அடைப்பது என்று வெளியாட்களுக்குக் காசு கொடுத்துச் செய்த வேலைகளையெல்லாம் எங்கள் ஆட்களே செய்தார்கள். சம்பளத் தேதியைச் சரிசெய்ய ஒரு பைசாவும் கூடுதலாகச் செலவாகவில்லை. அதைத்தான் முதலில் செய்தோம், போவது பாதியாகக் குறைந்தது. கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் எங்களுக்கு அப்போது வந்தது.

பதில்: பந்தலூர்ப் பெண், இப்போது திருப்பூர்

மஞ்சூர் ஐயா அவர்கள் செய்தது நல்ல காரியம், அதை மதிக்கிறேன். ஆனால் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சம்பளத் தேதி, ஷிப்ட் பட்டியல், மரியாதை இவையெல்லாம் சட்டப்படியும் மனிதத் தன்மைப்படியும் எங்களுக்கு ஏற்கெனவே உரியவை. அவற்றைக் கொடுத்துவிட்டு, கூலி உயர்வைக் கொடுத்துவிட்டதாகக் கணக்கு எழுதக் கூடாது. மேலாளர் அன்பாகப் பேசுகிறார் என்பதற்காகப் பலசரக்குக் கடைக்காரர் கடனைத் தள்ளுபடி செய்ய மாட்டார். அண்ணா, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதைத் தள்ளிவைக்க இடம் தராதீர்கள்.

கேள்வி கேட்டவர்: இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர், கோத்தகிரி வட்டம்

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களாக நீங்கள் சொன்ன வழியிலேயே வேலை செய்துகொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

ஓராண்டு ஏலச் சீட்டுகளை வாரவாரியாக எழுதிவிட்டேன். பக்கத்தில் உள்ள இரண்டு தொழிற்சாலைகளின் விலையையும் சேர்த்திருக்கிறேன். பயர்மேன் போன எட்டு வாரங்களில் அவர்களுடைய விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எங்கள் விலை மட்டும் இறங்கியிருக்கிறது. வாட்டும் தொட்டியில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த ஒருவர் விலகிய ஆனி மாதத்திலும் இதே போன்ற ஒரு சரிவு தெரிகிறது. அதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. பனிக்கால மாதங்களில் கணக்கு நமக்கு எதிராக இருப்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். ஆண்டுக்குக் கூட்டினால் இழப்பு, கேட்கும் உயர்வைவிடக் கூடுதலாகவே நிற்கிறது. ஒப்பந்தக்காரர் பட்டியலைக் காட்ட மேலாளர் மறுத்துவிட்டார், ஆகவே அதை முதலாளியிடமே கேட்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

பந்தலூர்த் தங்கை சொன்னபடி போனவர்களில் ஏழு பேரிடம் பேசினேன். இருவர் கூலி என்றார்கள். ஒருவருக்குக் குழந்தையின் பள்ளிக்காக ஊர் மாற வேண்டியிருந்தது. மற்ற நால்வரும் சொன்னது இரவு ஒன்பது மணிக்கு வரும் போன் பற்றித்தான். அதில் ஒருவர், "அந்த போன் மணி கேட்டாலே என் மனைவி விளக்கை அணைத்துவிடுவாள்" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பயர்மேன் வீட்டுக்குப் போனேன். இப்போது காய்கறி வண்டி ஓட்டுகிறார், மேட்டுப்பாளையம் சந்தைக்குப் போய் வருகிறார். கடைசி மாதம் வேலை செய்த பதினோரு நாள் கூலி அவருக்கு இன்னும் தரப்படவில்லை. பணிக்கொடை என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது, கணக்கர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். திரும்பி வருவீர்களா என்று கேட்டதற்கு நெடுநேரம் பதில் சொல்லாமல் இருந்தார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதை ஒரு வாய் குடித்துவிட்டு, இது எங்கள் தொழிற்சாலைத் தூளா என்று கேட்டேன், இல்லை என்றார். பிறகுதான் சொன்னார்: கூலி எவ்வளவு கூட்டினாலும் சரி, கூட்டாவிட்டாலும் சரி, ஷிப்ட் மாறும் அதே நேரத்தில், அதே இடத்தில், எல்லோரும் இருக்கும்போது, விறகு நனைந்திருந்ததை நான் முன்பே சொன்னேன் என்பதை மேலாளர் ஒத்துக்கொண்டால் மறுநாள் வருகிறேன் என்றார்.

முதலாளிக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதத்தில் ஏலக் கணக்கையே முதலில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அதைக் கிழித்துவிட்டு, பயர்மேன் சொன்னதை முதல் வரியாக எழுதிப் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். கணக்கு இரண்டாவது பத்தியில் வருகிறது. வருகிற 12-ஆம் தேதி சந்திப்பு. முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.